பார்த்து முடித்துவிடவும்

திருச்செங்கோட்டில் தேர்வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் மயில்சாமி நடத்திவந்த அச்சகத்தில் ஒரு பெண் எழுத்துக் கோக்க வந்து சேர்ந்தது 1979ஆம் வருஷம். மயில்சாமியின் பெருந்தன்மைதான் அதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். காரணம் அரசாங்கம்.

அதற்கு முந்தின வருஷம் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதுவரை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற லை, னை, ளை எல்லாம் துதிக்கையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணமாக நிற்க வேண்டும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் இருபது வருஷம் பழகிய கை அரசாணையைப் படிக்குமா? எழுத்துப் பெட்டியில் அறைகளை மாற்றி அடுக்கிய பிறகும், எழுத்துக் கோக்கும் மூத்த கம்பாசிட்டரின் விரல்கள் பழைய அறைக்கே போயின. ஒரு பொதுக்கூட்ட நோட்டீஸில் 'தலைவர்' என்பது 'தறவர்' என்று வந்தது. தலைவர் ஆள் அனுப்பினார். மூத்தவர் வேலையே வேண்டாமென்று ஈரோட்டுக்குப் போய்விட்டார். பழைய பழக்கமே இல்லாத ஒரு கை வேண்டும் என்று மயில்சாமி தேடியபோது கிடைத்தவள்தான் சௌந்திரம்.

ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பத்தாவது வரை படித்தவள். எட்டு வயதிலிருந்து தறிக்கு நூல் தார் சுற்றி, அறுந்த நூலுக்குக் கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவளுக்கு. தறியிலும் அச்சு என்று ஒன்று உண்டு, இங்கேயும் அச்சு. மூன்றே மாதத்தில் பெட்டியின் அறைகளெல்லாம் அவள் கைக்கு அத்துப்படி. கணவன் சென்னியப்பனுக்குப் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி கிளம்பினால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். மாதம் ஒரு கடிதம் வந்தால் அது நல்ல மாதம்.

"தனியா இங்க ஏன் கெடந்து சாகறே? வந்து நம்ம ஊட்டுல தார் சுத்து" என்று அண்ணன் கந்தன் வருகிறபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவான். அந்தப் பேச்சை எடுத்தாலே சௌந்திரம் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். தார் சுற்றுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சுற்றிய தார் தறிக்குப் போகிறது, சேலை கடைக்குப் போகிறது, அதில் எந்த முடிச்சு யார் போட்டது என்று எவருக்குத் தெரியும்? அச்சகத்தில் அவள் கோத்ததை மறுநாளே ஊர் படித்தது. கடைவீதியில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் கடக்கும்போது ஒரு வரி நின்று பார்க்காமல் அவள் போனதில்லை. அந்த வேலையை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அது கையை விட்டுப் போகப் பார்த்தது இரண்டு தடவை. முதல் தடவை, 1981 தை மாதம், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேர் விடுபட்டுவிட்டது. நம் பக்கத்தில் பத்திரிகையில் தாலி கட்டும் நேரம் தப்பாகப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள், பேர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். அந்த மாமன் சீரும் செய்ய மாட்டேன், படியும் ஏற மாட்டேன் என்று கட்டிலில் படுத்துக்கொண்டார். அவர் பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுத் தனியாக ஒரு பத்திரிகை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு மயில்சாமி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இத பாரு அம்மிணி. இனிமே பேர் இல்லாம ஒண்ணுகூட இந்தப் பட்டறைய உட்டு வெளிய போகக்கூடாது. போச்சுன்னா அதுகூடவே நீயும் ஊட்டுக்குப் போயிக்க."

"சரிங்க" என்றாள் சௌந்திரம். அதிலிருந்து பேர் விஷயத்தில் அவள் போலீஸ்காரி ஆகிவிட்டாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக் கொண்டுவருவார்கள். 'சம்பந்தி பேர் இல்லை' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கும். சம்பந்தியே இல்லை என்று அர்த்தமா? எங்களுக்கு ஞாபகம் வரவில்லை, நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கடைசியில் 'பார்த்து முடித்துவிடவும்' என்று ஒரு வரி இருக்கும். சௌந்திரம் பஸ் பிடித்துக்கூடப் போய் விசாரித்துவிட்டு வருவாள். இரண்டு வருஷத்தில் ஒரு பேர் விட்டுப்போகவில்லை.

1983 ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அச்சகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கையில் கனமான பையோடு வந்தார். பேர் மணியன். பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைக்கூடத்தில் அதிகாரி. புதுமாதிரி ஓவியங்களை வைத்துக் காட்டுகிற இடம் அது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் படங்களின் விவரத்தோடு ஒரு புத்தகம் போடுவார்கள். அதற்குக் கேட்லாக் என்று பேர். அதுவரை போட்டதெல்லாம் இங்கிலீஷ். இந்த முறை படங்களை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டப்போகிறார்கள். ஆகவே தமிழில் ஒரு கேட்லாக் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கியிருந்தார். திருச்செங்கோட்டில், ஆடியில் சும்மா கிடக்கிற கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி.

மாதிரிக்குப் பழைய கேட்லாக் ஒன்றைக் காட்டினார். வழுவழுப்பான தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி, மற்றதெல்லாம் வெற்றிடம். சௌந்திரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வெள்ளைய உட்டுப்போட்டாங்களே, இந்த எடத்துல ஒரு கண்ணாலப் பத்திரிகையே கோத்துரலாமுங்க" என்றாள். மணியன் சிரித்துவிட்டார். பதினெட்டுப் படங்களுக்கும் அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்து கொண்டுவந்திருந்தார். எழுதிய தாள்களையும் பிளாக்குகளையும் ஒப்படைத்துவிட்டு, படங்கள் அப்போது ஆத்தூரில் இருந்ததால் அங்கே ஓடினார். மயில்சாமி அடுத்த வருஷத்துக் காலண்டர் பிடிக்கச் சிவகாசிக்குப் பஸ் ஏறினார். அச்சகத்தில் மிச்சம் இருந்தது சௌந்திரமும் மெஷின்காரர் சென்னிமலையும்.

தாளைப் பிரித்ததும் சௌந்திரத்துக்குத் திக்கென்றது. எண், தலைப்பு, அளவு, வருஷம் என்று கட்டம் போட்டிருந்தது. முதல் படத்துக்கு நேராக, தலைப்பு என்ற இடத்தில், 'தலைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினேழு படத்துக்கும் 'மேற்படி', 'மேற்படி'.

"படிச்ச மனுசன் பதினெட்டுப் பேரையுமா மறந்துபோட்டாரு?" என்றார் சென்னிமலை.

விசாரிக்காமல் விடுகிற ஆளா அவள்? ஆத்தூர் போகிற பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினாள். 'தலைப்பு இல்லை என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?' அங்கே மணியன் ஆணி அடிக்கிற அவசரத்தில் இருந்திருக்கிறார். மறுநாள் காலை அதே கண்டக்டர் அதே சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் பதில் இருந்தது. 'ஆமாம், இல்லை. பார்த்து முடித்துவிடவும்.'

ஆக, அவர்களிடமும் இல்லை. அவள் நெஞ்சு லேசானது. பார்க்கச் சொல்லிவிட்டார், பார்த்துப் பேர் வைத்துவிட வேண்டியதுதான்.

பதினெட்டு பிளாக்கிலும் மை தடவி ஒவ்வொரு பிரதி எடுத்தாள். பக்கம் கட்டும் கல்மேசையின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மனிதன் இல்லை, மரம் இல்லை, சாமி இல்லை. கோடு, கட்டம், திட்டு. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது படத்து வெள்ளைக் கட்டங்கள் எங்கோ பார்த்ததாகத் தோன்றின. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் களத்தில் மரவள்ளி மாவைக் கொட்டிக் காயவைத்திருப்பார்களே, அதுதான். ஐந்தாவதில் நெடுக ஓடும் கோடுகள் நடுவே தொய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தெருவில் பாவு நூலை நீட்டியபோது மழை பிடித்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும், அவள் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஏழாவது, ஆழமாக இறங்கி ஒரு புள்ளியில் நின்றுபோன கோடு. அதைச் சென்னிமலையே சொல்லிவிட்டார்: "எறநூறு அடி போட்டும் தண்ணி வல்லீங்கோ."

பதினாலாவதில்தான் அவள் திணறினாள். முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. கதவிடுக்கு போல இருந்தது. தபால்காரர் மணியடிக்கிறாரா என்று உள்ளேயிருந்து பார்த்தால் தெரிகிற கதவிடுக்கு. கணவன் சென்னியப்பனிடமிருந்து அப்போது நாற்பது நாளாகக் கடிதம் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்து, 'கடிதம் வராத மாதம்' என்று கோத்தாள். கோத்து முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

பழக்கத்தை விட முடியுமா? முதல் பக்கத்தின் உச்சியில் மறக்காமல் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டாள். சென்னிமலை முந்நூறு பிரதி ஓட்டினார். சனிக்கிழமை மாலை எல்லாம் தைத்துக் கட்டி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அச்சக வாசலில் மூன்று பேர் நின்றார்கள். மணியனின் முகம் வெளிறிக் கிடந்தது. அவர் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர், கையில் கேட்லாக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். படங்களை வரைந்த சின்னராஜ் அவர்தான். ராசிபுரத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். மூன்றாவது ஆள் மயில்சாமி. சிவகாசி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார்.

"இது யாருங்க பண்ணுனது?" என்றார் சின்னராஜ். பட்டணத்துப் பேச்செல்லாம் கோபத்தில் ஓடிவிட்டது. "இருவது வருசமா ஒரு படத்துக்கும் நான் பேர் வெச்சதில்லீங்க. பேர் வெச்சா சனம் பேரப் படிச்சுப்போட்டுப் படத்தப் பாக்காமப் போயிரும். அதுக்குத்தான் தலைப்பு இல்லைன்னு எழுதறது. தலைப்பு இல்லைங்கறதுதானுங்க அதுக்குத் தலைப்பு! இதுல மேல உ வேற!"

சௌந்திரம் இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து மணியனிடம் நீட்டினாள். "நீங்கதானுங்க பாத்து முடிக்கச் சொன்னீங்க. நான் பாத்துத்தானுங்க முடிச்சேன்."

மணியன் தன் கையெழுத்தைத் தானே படித்துப் பார்த்தார். மறுபடி படித்தார்.

பத்து மணிக்குக் கண்காட்சி திறக்க வேண்டும். புதிதாக அடிக்க நேரமில்லை. ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருகிவிடுவது என்று முடிவானது. "அதைக் கோத்துக் குடுத்துப்போட்டு, மண்டபத்துல போயிச் செருகிப்போட்டு, அப்படியே நீ ஊட்டுக்குப் போயிக்கலாம் அம்மிணி" என்றார் மயில்சாமி. குரலை உயர்த்தக்கூட இல்லை. பேர் விட்டதற்கு விரட்டுவேன் என்று சொன்னவர் பேர் வைத்ததற்கு விரட்டினார். முதலாளி என்றால் அப்படித்தான். அவள் ஸ்டிக்கை எடுத்தாள். கண்ணில் நீர் நிறைந்து எழுத்து மறைந்தாலும் கை தப்பாமல் போனது.

'இந்நூலில் படங்களுக்குத் தரப்பட்டுள்ள தலைப்புகள் தவறானவை. எல்லாவற்றையும் தலைப்பு இல்லை என்று திருத்திப் படிக்கவும்.'

அரைத்தாளில் மேலே அந்த இரண்டு வரி. வெட்ட நேரமில்லாததால் கீழே பாதிக்கு மேல் வெள்ளை.

மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. மலையேறிச் சாமி கும்பிட்டு இறங்கியவர்கள், ஆடியில் என்னடா கல்யாணம் என்று எட்டிப்பார்த்தவர்கள், நீர்மோர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். சௌந்திரம் வாசலில் உட்கார்ந்து சீட்டைச் செருகிச் செருகிக் கொடுத்தாள். ஜலகண்டாபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் குரல் எழுப்பியது குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர். சீட்டைப் படித்தார். படத்தைப் பார்த்தார். "பேர் தப்புன்னு போட்டிருக்குதே, இது பாவு இல்லையா? பாவுதானுங்க இது! நனஞ்ச பாவு!"

"ஏனுங்க, பாவு எங்க இருக்குது? அது உழுது போட்ட காடுங்க" என்றார் பக்கத்தில் நின்ற விவசாயி.

"தப்புன்னா சரியான பேர் என்னன்னு சொல்லோணுமில்ல? இல்லைன்னு சொன்னா ஆச்சா? பேர் இல்லாம ஒண்ணு இருக்குமாக்கும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. பேர் தப்பு என்று அச்சிலேயே வந்துவிட்டது; அப்படியானால் சரியான பேர் எது என்று கண்டுபிடிப்பது ஊர்ப் பொறுப்பாகிவிட்டது. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் இரண்டாவது படத்தை மாவுக் களம் இல்லை, முட்டை அட்டை என்று சாதித்தார். ரிக் டிரைவர் ஒருவர் ஏழாவதின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, எந்த ஊரில் எத்தனை அடியில் குழாய் மாட்டிக்கொண்டது என்று விஸ்தாரமாகச் சொன்னார். சுற்றிலும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முந்தின படத்துக்குத் திரும்பி ஓடினார்கள். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவர்கள் சீட்டின் வெள்ளையில் தங்கள் பேரை, அதாவது படத்துக்குத் தாங்கள் வைத்த பேரை, எழுதத் தொடங்கினார்கள்.

சின்னராஜ் தூணோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டணத்தில் அவர் படத்தின் முன்னால் ஒரு ஆள் அரை நிமிஷம் நின்றால் அதிகம். இங்கே மோர் சீண்டுவாரில்லாமல் கிடந்தது.

பதினாலாவது படத்தின் முன்னால் பொன்னாத்தாள் என்று ஒரு வயதான அம்மாள் வெகுநேரம் நின்றாள். படிக்கத் தெரியாதவள். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு, 'கடிதம் வராத மாதம்' என்று பழைய பேரைத் தெரிந்துகொண்டாள். "இதுக்குத் தப்பில்லீங்க சாமி. இதுக்கு இதுதான் பேரு" என்று சின்னராஜிடமே சொல்லிவிட்டுப் போனாள். அவர்தான் வரைந்தவர் என்று அவளுக்குத் தெரியாது.

சின்னராஜ் வாசலுக்கு வந்தார். "பதினாலுக்கு ஏனுங்க அந்தப் பேர் வெச்சீங்க?" கோபம் குறைந்திருந்தது, போய்விடவில்லை.

சௌந்திரம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரர் ரிக்கு வண்டியில போயிருக்கறாருங்க. நாப்பது நாளாச்சு."

அவர் உள்ளே அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது மை கொட்டிப்போன காயிதமுங்க. தூக்கிப்போட மனசு வல்லைன்னு சட்டம் போட்டு மாட்டிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார். அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் நாற்காலிகளில் விட்டுச்சென்ற சீட்டுகளை மணியன் பொறுக்கி எடுத்தார். எழுபத்திரண்டு சீட்டுகளில் பேர் எழுதியிருந்தது. அவற்றைக் கொண்டுவந்து மயில்சாமியின் மேசைமேல் வைத்தார். "அண்ணா, தப்பு என்னுதுங்க. நான் எழுதுன அழகு அப்படி. அடுத்த கேட்லாக்கும் உங்ககிட்டத்தான். ஆனா இந்த அம்மாதான் கோக்கோணும்" என்றார்.

"அதுக்கென்னங்க? அவள வேலைய உட்டுப் போகச் சொன்னது யாரு?" என்றார் மயில்சாமி. மனுஷன் கண் இமைக்காமல் சொன்னார். சௌந்திரம் ஜலகண்டாபுரம் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் கடிதமும் வந்தது. ராஜஸ்தானில் தபால்காரர்கள் வேலைநிறுத்தமாம். நம்புவதா வேண்டாமா என்று அவள் அவனிடமே கேட்டு எழுதினாள்.

அடுத்த கேட்லாக் வர இரண்டு வருஷம் ஆயிற்று. 1985 ஆடி. இந்த முறை தாளில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தலைப்பு என்று போட்டு, லாரி ரசீதில் இருப்பதுபோல ஒரு புள்ளிக்கோடு. பேர் அச்சில் வரக் கூடாது என்பது சின்னராஜின் பிடிவாதம். பார்ப்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்பது அவரே இறங்கிவந்த இடம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி அறிவிப்பு: 'பார்த்து முடித்துவிடவும்.' அதைக் கோக்கும்போது சௌந்திரம் வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் நன்றிக்குரியவர்களின் பட்டியல் இருந்தது. துணைவேந்தர், கலைக்கூடம், ஓவியர், பிளாக் செய்தவர், அச்சகம், அதன் உரிமையாளர் மயில்சாமி. கோத்து முடித்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் விஷயத்தில் போலீஸ்காரி அல்லவா? ஒரு பேர் விட்டுப்போயிருப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. தானே போட்டுக்கொள்ளக் கூச்சம். விட்டுவிடவும் மனசில்லை. 'அச்சுக் கோத்தவர்' என்று கோத்து, பக்கத்தில் ஒரு புள்ளிக்கோட்டை வைத்தாள்.

சரிபார்க்க எடுத்த புரூபைப் பார்த்த மயில்சாமி, "இதென்ன அம்மிணி?" என்றார்.

"அவங்களே பாத்து முடிச்சுக்கட்டுமுங்க."

புரூப் தபாலில் பட்டணம் போயிற்று. எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அவள் வேறு எதையும் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். புள்ளிக்கோட்டின் மேல் நீல மசியில், மணியனுடையதல்லாத ஒரு கையெழுத்தில், 'சௌந்திரம்' என்று எழுதியிருந்தது. கீழே பொடியாக ஒரு வரி: 'பேர் விட்டுப்போகக் கூடாதுங்க. சின்னராஜ்.'

ஆறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேர்களைக் கோத்தவள் அவள். தன் பேரை ஒரு தடவைகூடக் கோத்ததில்லை. ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். கொம்பு, ச, பக்கத்தில் அந்தச் சின்னக் குறி. 'சௌ' வந்தது. மணப்பெண்களின் பேருக்கு முன்னால் போடுவதற்காகவே அவள் விரல்கள் அறிந்திருந்த எழுத்து அது. பழக்க தோஷத்தில் கை அடுத்து 'பாக்கியவதி'க்கான 'பா'வை எடுத்துவிட்டது. அதைத் திரும்ப அறையில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ந்' எடுத்தாள்.